வேஸ்ப்புக்குப் போன பொன்னுத்தங்கம்

சிவகாசிப் பக்கத்து நாரணாபுரத்தில் பொன்னுத்தங்கத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் நல்லதாகத்தான் சொல்வார்கள். உழைப்பாளி, கை சுத்தம், பட்டாசு செய்கிற பயராபீஸில் சரவெடி பின்ன உட்கார்ந்தால் அவள் விரல் போகிற வேகம் யாருக்கும் வராது. இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "என்ன, ஓரகத்தி பேரை எடுத்தா மட்டும் மூஞ்சி மாறிரும்" என்பார்கள்.

அந்த ஓரகத்தி ராமுத்தாய். செல்லப்பாண்டி, சோணைமுத்து என்ற அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள் இரண்டு பேரும். மூத்தவன் பெண்டாட்டி ராமுத்தாய், இளையவன் பெண்டாட்டி பொன்னுத்தங்கம். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவள். ரெண்டு பேரும் சண்டை போட்டு ஊர் பார்த்ததில்லை. சண்டை போட்டால் ரெண்டு நாளில் ஆறிப்போகும். இது அப்படி ஆறுகிற சங்கதி இல்லை. ராமுத்தாய் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் பொன்னுத்தங்கம் வீட்டில் சோறு குழைந்துவிடும்.

எல்லாம் பிள்ளைகளில் இருந்து வந்தது. ராமுத்தாய் மகள் செல்வலட்சுமியும் பொன்னுத்தங்கத்தின் மகள் முத்துமாரியும் ஒரே வருசம் பிறந்தவர்கள். ராமுத்தாய் அப்போது தீப்பெட்டி ஆபீஸ் வேனில் விடியக் கிளம்பிப் போய்விடுவாள். ரெண்டு பிள்ளைகளையும் மடியில் போட்டு வளர்த்தவள் பொன்னுத்தங்கம்தான். ஒரே தட்டில் பிசைந்து ஆளுக்கொரு வாய் ஊட்டினாள். ஒரே சோற்றைத் தின்ற பிள்ளைகளில் ஒன்று பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்று, தாயில்பட்டியில் வாக்கப்பட்டு, வெடிக்கட்டுக்கு லேபிள் ஒட்டப் போனது. இன்னொன்று இன்ஜினீயரிங் படித்து, சென்னையில் கம்பெனி வேலைக்குப் போய், அங்கேயே வேலை பார்த்த பிரபாகரனைக் கட்டிக்கொண்டு, அவனோடு ஹாலந்துக்கு விமானம் ஏறியது.

போன கொஞ்ச நாளில் ஒரு போட்டோ வந்தது. அகலமான ஆறு, கரையில் ஓட்டுக்கூரை வீடுகள், பின்னால் காற்றாலை ஒன்று, முன்னால் கம்பளிக் கோட்டில் செல்வலட்சுமி. பொன்னுத்தங்கம் முதலில் அதைக் காலண்டர் படம் என்றுதான் நினைத்தாள். சிவகாசியில் அடிக்கிற காலண்டரில் அப்படிப்பட்ட ஆறு எத்தனையோ பார்த்திருக்கிறாள்.

"படம் இல்லடி. நெசமாவே இந்த ஊர்லதான் இருக்கா. பேரு வேஸ்ப்பாம்" என்றாள் ராமுத்தாய். பெரிசாக்கிச் சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டினாள். அதற்கப்புறம் பொன்னுத்தங்கம் எந்தக் காரியமாக அந்த வீட்டுக்குள் போனாலும் அந்த ஆறு அவள் கண்ணுக்கு நேராக ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்து எட்டில் செல்வலட்சுமி மாசமானாள். பிரசவத்துக்கு ராமுத்தாய் போவதாக ஏற்பாடு. ஸ்வெட்டர் வாங்கினாள், ஊறுகாய் போட்டாள், ஊரைக் கூட்டிச் சொன்னாள். பொன்னுத்தங்கமும் கூட நின்று கருவாட்டுத் தொக்கு கிண்டிக் கொடுத்தாள். அடுப்பில் எரிந்ததைவிட அவள் வயிற்றில் எரிந்தது அதிகம்.

அந்த நேரம் பார்த்து ராமுத்தாய் காலில் கல் குத்தியது. சர்க்கரை உடம்பு, குத்தியது தெரியவில்லை, புண்ணானபின்தான் தெரிந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுத்தார்கள். "இந்தக் காலோட பிளேன்ல அம்புட்டு நேரம் உக்காரக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பிரபாகரனுக்கு அம்மா இல்லை. செல்வலட்சுமி போனில் அழுதாள். அழுது முடித்து, "சித்தி வரட்டும்மா. என்னைய வளத்தது சித்திதான" என்றாள்.

ராமுத்தாய் கட்டிலில் கால் நீட்டிப் படுத்தபடி போனைப் பொன்னுத்தங்கத்திடம் நீட்டினாள். பொன்னுத்தங்கம் கோயிலில் பூ வாங்குவது போலக் கையை நீட்டி வாங்கினாள். தனக்குள் குதித்த சந்தோசத்தை மூஞ்சியில் காட்டாமல் இருக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. "அக்கா போக வேண்டிய எடம். என்ன செய்ய, தலையெழுத்து" என்று முந்தானையால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

அவசர அவசரமாகப் பாஸ்போர்ட் எடுத்து, விசா வாங்கி, டிசம்பர் தொடக்கத்தில் போய் இறங்கினாள். வேஸ்ப் ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கம். ரயிலில் ஏறி உட்கார்ந்து ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஊர் வந்துவிடுகிறது. போட்டோவில் இருந்த ஆறு அப்படியே இருந்தது. ஃபெக்ட் என்று பேர். மேலே தூக்குகிற பாலம், பழைய கோட்டை, மணிக்கூண்டு வைத்த சர்ச், ஆற்றோரம் காற்றாலைகள். ஒரு காலத்தில் பெரிய வியாபார ஊராம். படகிலேயே எல்லாம் வருமாம், போகுமாம். சாக்லேட் ஃபேக்டரி இருந்ததாம். ஊரே மணக்குமாம்.

இப்போது ஊரில் அந்த மாதிரி வேலை ஒன்றும் இல்லை. காலையில் இருட்டு விலகும் முன்பே வீட்டுக்கு வீடு கதவு திறக்கும். கோட்டு மாட்டி, சைக்கிளை எடுத்து, எல்லாரும் ஸ்டேஷன் பக்கம் போவார்கள். ஆம்ஸ்டர்டாமில் வேலை, அங்கே குடியிருக்கக் கட்டுபடியாகாது, அதனால் இங்கே வந்து தூங்குகிறார்கள். பிரபாகரனும் அதில் ஒருத்தன். ரயில் போனபின் ஊரில் கிழவன் கிழவிகளும் பிள்ளை பெற்றவர்களும்தான் மிச்சம்.

செல்வலட்சுமி வீடு பழைய ஊருக்குள் இல்லை. ஆற்றை விட்டுத் தள்ளிப் பிற்பாடு கட்டிய அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் தெரிந்தது இன்னொரு அடுக்குமாடி.

"ஏத்தா, ஆத்தங்கரை வீட்டுக்கு முன்னால நின்னு போட்டோ எடுத்தியே, அது யாரு வீடு?"

"அது யாரு வீடோ சித்தி. அங்க நின்னா நல்லா விழும்னு இவுக எடுத்தாக."

பொன்னுத்தங்கத்துக்கு ஒரு நிமிசம் வயிறு குளிர்ந்தது. உடனே ராமுத்தாயிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஆனால் குளிர்ச்சி நிலைக்கவில்லை. குழாயில் சுடுதண்ணி, துணியைத் துவைத்து உலர்த்தியும் கொடுக்கிற மிஷின், பெண்டாட்டிக்கு டீ போட்டுக் கொடுக்கிற மாப்பிள்ளை. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது தாயில்பட்டியில் குடத்தோடு தெருக்குழாயில் நிற்கிற முத்துமாரி கண்ணுக்குள் வந்தாள். "எம்மவளுக்கும் ரெண்டு கை, ரெண்டு காலுதான" என்று அடுப்படியில் நின்று தனக்குள்ளேயே சொல்லிக்கொள்வாள்.

பெண் குழந்தை பிறந்தது. மறுநாளே தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடவே ஒரு நர்சும் வந்து நின்றாள். அந்த ஊர் வழக்கம் அது. பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒருத்தி வந்து, தாயைப் பார்த்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, வீட்டையும் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போவாள். மார்லூஸ் என்று பேர். ஆறடி உயரம், சிரித்த முகம்.

பொன்னுத்தங்கத்துக்கு அவளைக் கண்டதும் பற்றிக்கொண்டு வந்தது. எண்ணெய் காய்ச்சிக் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைப் போட்டு நீவி எடுக்க வேண்டும் என்று கடல் தாண்டி வந்திருக்கிறாள். இவளோ ஒரு வாளியில் பிள்ளையைக் கழுத்தளவு முக்கி எடுத்து, துண்டில் சுருட்டி வைக்கிறாள்.

"சளி புடிக்கும்னு சொல்லு. தலை உருண்டு வராதுன்னு சொல்லு."

செல்வலட்சுமி சிரித்தபடி சொன்னாள். மார்லூஸும் சிரித்தபடி ஏதோ சொன்னாள்.

"அவ என்ன சொல்றா?"

"நீங்க ரெஸ்ட் எடுங்கன்னு சொல்றா சித்தி."

"ரெஸ்ட் எடுக்கவா நான் இம்புட்டுத் தூரம் வந்தேன்!" என்றாள் பொன்னுத்தங்கம். மார்லூஸ் வந்துபோன நாளெல்லாம் அவள் முகத்தைக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். கடைசி நாளன்று மார்லூஸ் அவளைக் கட்டிப்பிடித்து விடைபெற்றபோதுதான், அந்தப் பெண்ணுக்குத் தன்மேல் ஒரு கோபமும் இல்லை, தான் மட்டுமே இத்தனை நாள் மல்லுக்கட்டியிருக்கிறோம் என்று தெரிந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிள்ளை பார்க்கக் கீழ்வீட்டுக் கிழவி வந்தாள். பேர் ரீட். எழுபதைத் தாண்டிய ஒல்லியான உடம்பு, சக்கரம் வைத்த தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அந்த ஊர் முறைப்படி ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, சீனி பூசிய சோம்பு மிட்டாய் தூவிக் கொடுத்தாள் செல்வலட்சுமி. கிழவி தின்றுகொண்டே பொன்னுத்தங்கத்தின் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகள் காய்த்திருந்தன.

"என்ன வேலைன்னு கேக்குறா சித்தி. பட்டாசுன்னு சொன்னேன். அவளும் சின்ன வயசுல சாக்லேட் ஃபேக்டரில பேக்கிங்ல இருந்தாளாம்."

அதிலிருந்து ரெண்டு பேருக்கும் ஒரு சிநேகம் உண்டாகிவிட்டது. பேச ஒரு வார்த்தை கிடையாது. மழை இல்லாத நாளில் கிழவி கீழே நின்று கையை ஆட்டுவாள், இவள் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்குவாள். ரெண்டு பேரும் பழைய தெருக்கள் வழியாக ஆற்றங்கரைக்கு நடப்பார்கள். பாலம் வந்ததும் கிழவி நிற்பாள். அக்கரையில் நீலக் கதவு வைத்த வீடு ஒன்று. அந்த ஊரில் ஜன்னலுக்குத் திரை போடுகிற வழக்கம் அதிகம் கிடையாது. உள்ளே விளக்கும் பூச்சட்டியும் அப்படியே தெரியும். ரீட் அதைப் பார்ப்பாள். வாயை இறுக்கிக்கொள்வாள். பிறகு "ஹ்ம்" என்று வண்டியைத் திருப்புவாள்.

பொன்னுத்தங்கம் ஒருநாள் பார்த்தாள், மறுநாள் பார்த்தாள். மூன்றாம் முறை யாரும் சொல்லாமலே அவளுக்கு விளங்கிவிட்டது. அந்தப் பார்வை அவளுக்குப் புதுசா என்ன?

வீட்டுக்கு வந்து கேட்டாள். "அந்தக் கெளவிக்கு அந்த வீட்ல யாரு இருக்கா? தங்கச்சியா, ஓரகத்தியா?"

செல்வலட்சுமி ஆச்சரியப்பட்டுப் போனாள். "ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் சித்தி? தங்கச்சிதான். அவுக அப்பா வீடு அது. அவருக்கப்புறம் தங்கச்சிக்குப் போயிருச்சு. அப்ப யாரும் சீந்தல. ஆம்ஸ்டர்டாம்காரங்க வர ஆரம்பிச்சதும் ஆத்தங்கரை வீடுன்னா அடிச்சுக்கிட்டு வர்றாங்க. இந்தம்மா ஃபிளாட்ல கெடக்கு. ரொம்ப வருசமா ரெண்டு பேருக்கும் பேச்சே கெடையாதாம்."

இதற்கிடையில் தினமும் மத்தியானம் ராமுத்தாய் போன் போடுவாள். அந்த நேரம் செல்வலட்சுமி அசந்து தூங்கிக்கொண்டிருப்பாள். போனை எடுப்பது பொன்னுத்தங்கம்.

"பிள்ளை என்னளா செய்யுது?"

"தூங்குதுக்கா."

பிள்ளை அவள் மடியில் கண்ணை உருட்டிக்கொண்டு கிடக்கும். முதல்நாள் அப்படிச் சொன்னபோது நிஜமாகவே தூங்கியது. ரெண்டாம் நாள் பழக்கத்தில் வாயில் வந்தது. அதற்கப்புறம் வேண்டுமென்றே சொன்னாள். இந்த ஒன்றாவது தனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தாள். எல்லாமும் அவளுக்கு இருக்கிறது. இந்தப் பிள்ளையின் சத்தம்கூடவா அவளுக்குப் போக வேண்டும்?

ஒருநாள் சொல்லி வாய் மூடுவதற்குள் பிள்ளை வீறிட்டது.

"ஏளா, அது யாரு அழுவுறது?"

"டிவிக்கா."

ராமுத்தாய் பேசினாள். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"டிவில அழுவுற பிள்ளைக்கும் மடில அழுவுற பிள்ளைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? ஏ பொன்னு, ஒன்னைய எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? என் வீட்டுக்குள்ள காலை வச்சா ஒன் கண்ணு எங்கெங்க போகும்னு எனக்கு அத்துப்படி. அந்தப் போட்டோவை நீ எப்பவும் உக்கார்ற எடத்துக்கு எதுக்கத்தான் மாட்டுனேன். வேணும்னே மாட்டுனேன். நீ பொசுங்குறதப் பாக்க எனக்கு நல்லா இருந்துச்சு." குரல் உடைந்தது. "இப்ப என் வயிறு எரியுது. பெத்த மகளுக்கு வெந்நி வச்சுக் குடுக்க எனக்குக் குடுத்துவைக்கல. போதுமா? குளுந்துச்சா ஒனக்கு?"

போன் வைக்கப்பட்டது. பொன்னுத்தங்கம் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஜன்னல் அருகே நின்றாள். இத்தனை வருசம் இதற்காகத்தான் காத்திருந்தாள், ராமுத்தாய் தன்னைப் பார்த்து ஒருநாளாவது பொறாமைப்பட வேண்டும் என்று. அது கைக்கு வந்துவிட்டது. வந்ததும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த நாள் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

வருசக் கடைசி நாள். காலையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவள் காதில் 'பட பட பட'வென்று சத்தம் விழுந்தது. கரண்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். பயராபீஸ்காரிக்கு அந்தச் சத்தம் எதிர்பாராத நேரத்தில் கேட்டால் ஈரக்குலை நடுங்கும்.

"பயப்படாதீக சித்தி. புது வருசத்துக்கு இன்னைக்கு வெடிக்கலாம்னு இங்க விட்டிருக்காக. மத்த நாள் ஒண்ணும் கெடையாது" என்றாள் செல்வலட்சுமி.

ரீட் கீழே நின்று கையை ஆட்டினாள். போனார்கள். அமைதியாகக் கிடந்த ஊரா இது என்று இருந்தது. லீவுக்கு ரயில் ஏறாமல் வீட்டில் இருந்த ஆம்பளைகள் எல்லாம் தெருவுக்கு வந்திருந்தார்கள். பாலத்து முனையில் சிவப்புச் சரம் ஒன்றைப் பாய் விரிப்பது போல் உருட்டி விரித்தார்கள். பொன்னுத்தங்கம் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். மேலே சுற்றியிருந்த தாளில் சீன எழுத்து. பின்னல் மனுசக்கைப் பின்னலா மிஷினா என்று பார்த்தாள். கைப் பின்னல்தான். யாரோ ஒருத்தி உட்கார்ந்து பின்னியிருக்கிறாள். இறுக்கமும் நெருக்கமும் சீராக, ஒரு இடத்தில்கூட இளகாமல். 'நல்லாத்தான் பின்னியிருக்கா பாவி' என்று அதற்கும் ஒரு எரிச்சல் வந்தது.

திரியில் நெருப்பு வைத்தார்கள். புகையும் சத்தமுமாக வெடித்து ஓய்ந்தபோது அக்கரை நீலக்கதவு திறந்து ஒரு கிழவி வாசலில் வந்து நின்றிருந்தாள். ரீட்டின் அதே மூக்கு, அதே ஒல்லி உடம்பு. புகைக்கு ஊடே அவள் இந்தப் பக்கம் பார்த்தாள். கையை இடுப்பளவுக்குத் தூக்கினாள். கும்பிடவா, கூப்பிடவா, தெரியவில்லை.

ரீட் பார்த்துவிட்டாள். பார்த்ததும் முகம் சிவந்து, பொன்னுத்தங்கத்தின் முழங்கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். வண்டியைத் திருப்பி வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள். பிடி விடவேயில்லை. அந்த மெலிந்த விரல்கள் கோட்டுக்கு மேலேயே அழுத்தின. பொன்னுத்தங்கம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வாசலில் நின்றவள் கையை இறக்கிவிட்டு இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

இந்த வயசுலயுமா இது அணையாது என்று நினைத்தாள் பொன்னுத்தங்கம். பல்லுப் போய், கால் போய், தள்ளுவண்டி பிடித்த பிறகுமா?

வீட்டுக்கு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பிள்ளை முழித்துக்கொண்டு கிடந்தது. எடுத்து மடியில் போட்டு, தானாகவே முதல்முறை ஊருக்குப் போன் போட்டாள்.

"யாரு?"

"நாந்தாங்க்கா. பிள்ளை முழிச்சிருக்கு."

"எங்க, காட்டு" என்றாள் ராமுத்தாய்.

போனைப் பிள்ளையின் காதோரம் வைத்தாள். "ஏ தங்கம், ஏ ராசாத்தி, ஒங்கம்மாவப் பெத்தவ பேசுறேன்" என்று அந்தக் குரல் கொஞ்சியது, பாடியது, அழுதது. பிள்ளை சத்தம் வந்த பக்கம் கண்ணைத் திருப்பி 'ங்ஙா' என்றது. அந்த ஒரு 'ங்ஙா'வுக்குப் பொன்னுத்தங்கத்தின் நெஞ்சு குத்தத்தான் செய்தது. என்னிடம் இதுவரை சொல்லாததை இவளிடம் சொல்கிறதே என்று. ஆனாலும் கை கடுக்கும்வரை போனை எடுக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி கடைசியில் ஊர் திரும்பினாள். பயராபீஸில் ஒரு வாரத்துக்கு வேலையே ஓடவில்லை, வேஸ்ப் கதைதான். தூக்குப் பாலத்தையும் காற்றாலையையும் உள்ளதற்கு ரெண்டு மடங்கு உயரமாக்கிச் சொன்னாள். மற்றப் பெண்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். சிலர் முகம் சுருங்கியது. சுருங்கிய முகங்களை அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

தாயில்பட்டிக்கு ஸ்வெட்டரும் சாக்லேட்டும் கொண்டுபோனாள். முத்துமாரியைக் கண்டதும் அடக்கிவைத்தது பொங்கிவிட்டது. "நீ இருக்க வேண்டிய எடம்டி அது" என்று ஆரம்பித்தாள்.

முத்துமாரி ஸ்வெட்டரை மகனுக்குப் போட்டு அழகு பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குக் கணக்கு வரலம்மா, செல்விக்கு வந்துச்சு. நான் அதை அன்னைக்கே விட்டுட்டேன். நீதான் இன்னும் அந்தப் பரீச்சைய எழுதிக்கிட்டிருக்க. எந்திரி, சாப்புட வா."

பொன்னுத்தங்கத்துக்கு மகள் மேல் கோபம் வந்தது. கோபத்தோடேயே எந்திரித்துப் போய்ச் சாப்பிட்டாள்.

மறுவருசம் வெயில் காலத்துக்குள் ராமுத்தாய் கால் ஆறிவிட்டது. ஒரு வயசு தாண்டிவிட்ட பேத்தியைப் பார்க்க இந்த முறை அவளே கிளம்பினாள். சென்னை வரைக்கும் செல்லப்பாண்டி கூடப் போகிறார். விருதுநகர் ஸ்டேஷனில் வழியனுப்பப் பொன்னுத்தங்கமும் சோணைமுத்துவும் வந்து நின்றார்கள்.

"குளுருன்னு நெனச்சுக் கம்பளியா அள்ளிட்டுப் போறீக. இப்ப அங்க வெயிலுதான்" என்றாள் பொன்னுத்தங்கம். "கீழ்வீட்டுக் கெளவி வந்தா ரஸ்க் குடுங்க. ஆத்தங்கரைக்குக் கூப்புடுவா, போங்க. நிக்கிற எடத்துல நில்லுங்க, ஒண்ணும் கேக்காதீக."

"ஒஞ் சொந்த ஊரு கணக்கால்ல பேசுற" என்றாள் ராமுத்தாய்.

"ஒங்களுக்கு முந்தி நாந்தான பாத்தேன்."

ராமுத்தாய் சிரித்துவிட்டாள். ரயில் நகர்ந்தது. ஜன்னலில் கை ஆட்டிக்கொண்டே போனாள். அந்தக் கையைப் பார்த்தபோது பொன்னுத்தங்கத்துக்குப் பழைய எரிச்சல் எல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்தது. அந்தப் பிள்ளை இப்போது நடை பழகும், அந்தக் கையைப் பிடித்துத்தான் நடக்கும்.

வெளியே வந்து சிவகாசி பஸ்ஸுக்கு நின்றபோது சோணைமுத்து அவள் முகத்தைப் பார்த்தார். அதிகம் பேசாத மனுசன்.

"டீ குடிக்கியா?"

"டீ வேணாம். வயிறு எரியுது. மோர் வாங்கிக் குடுங்க."

அவர் ஒரு நிமிசம் முழித்தார். பிறகு விளங்கி, சத்தம் போட்டுச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். மோர்க்காரம்மா இஞ்சியும் கருவேப்பிலையும் தட்டிப்போட்டுச் சொம்பு நிறையக் கொடுத்தாள். குடித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்தது. பாதிச் சொம்போடு ஓட முடியாதென்று, அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார்கள்.